வெள்ளைப்படுதலுக்கு ஜி.எச்.சில் இலவச மருந்து: எந்தத் தொற்றுக்கு எது?

வெள்ளைப்பட்டால் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பது, அதிலும் கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் ஏதோ ஒரு க்ரீம் வாங்கிப் போடுவது, இதுதான் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் இதுபோன்ற தொற்றுகளுக்கென்றே பெரிய அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவு உண்டு, தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்பார்கள். பரிசோதனை, ஆலோசனை, மாத்திரை எல்லாமே இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடப்பதால் போர்டைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள், தயங்க ஒன்றுமே இல்லை.

எல்லா வெள்ளைப்படுதலும் ஒன்றல்ல. நிறமும் வாடையும் இல்லாமல் கொஞ்சமாகப் படுவது இயல்பு. தயிர்த் திப்பி மாதிரி கெட்டியாக, தாங்க முடியாத அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும், அதனால் சுகரையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர்த்துப்போய், சாம்பல் கலந்த வெள்ளையாக, மீன் வாடை அடித்தால் பாக்டீரியா. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றாக இருக்கலாம், இது உடலுறவில் பரவுவது என்பதால் கணவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம், அவர் மருந்து சாப்பிடாவிட்டால் உங்களுக்கு மறுபடி வரும். அவருக்கும் அங்கேயே இலவசமாகத் தருவார்கள். பூஞ்சைக்கான க்ரீம் பாக்டீரியாவுக்குக் கேட்காது, மெடிக்கல் வைத்தியம் தோற்பது இங்கேதான்.

மருந்து நிறம் பிரித்த பாக்கெட்டுகளாக வரும். வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பாக்கெட், அதில் பாக்டீரியாவுக்கும் ட்ரைக்கோமோனஸுக்கும் செக்னிடசோல், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் இரண்டும் இருக்கும், ஒரே வேளையில் முடிந்துவிடும். கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளியிருந்தால்கூட, முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். அடிவயிற்று வலி இருந்தால் மஞ்சள் பாக்கெட், அது 14 நாள். வலி போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் தொற்று கருக்குழாயில் தங்கிக் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவையும் வெளியில் சொல்லக் கூடாது, 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எடுத்துக்கொள்வது நல்லதுதான் என்பேன். பக்கத்தில் எங்கே மையம் இருக்கிறது என்று நேரில் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.