சைலன்சருக்கு முன்னால் பிரேக் ஆயில்: முதல் சூப்பர்மோட்டோ சனி ஞாயிறுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

முதல் தடவை டிராக்குக்குப் போகிற வண்டிகள் பட்டறைக்கு வரும்போது அநேகமாக ஒரே கோலத்தில்தான் வருகின்றன. சைலன்சர் புதுசு, ஹேண்டில்பார் புதுசு, ஸ்டிக்கர் புதுசு. பிரேக் ஆயில் மட்டும் ஷோரூமிலிருந்து வண்டி வந்த அன்று இருந்தது. திருநெல்வேலியிலிருந்து கோவைக்குச் சுமார் முன்னூற்றைம்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வண்டியை ஏற்றிக்கொண்டு போய், சனிக்கிழமை காலை வண்டிச் சோதனையிலேயே ஓரங்கட்டப்பட்டு, அடுத்தவன் ஓட்டுவதை வேடிக்கை பார்த்துத் திரும்புவதற்குக் காரணம் எப்போதும் சின்னச் சாமானாகத்தான் இருக்கும்.

சூப்பர்மோட்டோ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணில் ஓட்டுகிற உயரமான வண்டிக்கு 17 இன்ச் ரிம்மும் தார் ரோட்டு டயரும் போட்டு, வளைவுகள் நெருக்கமாக உள்ள டிராக்கில் ஓட்டுவது. 1979-ல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தொடங்கிய விளையாட்டு. பெரும்பகுதி தார், கொஞ்சம் மண் என்பது அதன் மரபு. நம் பக்கத்தில் பெரும்பாலும் எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகளைத்தான் இப்படி மாற்றுகிறார்கள். ஆரம்பக்காரருக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, ஏதாவது ஒரு கார்ட் டிராக்கோ போதும். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர். அங்கே நேர்ப்பாதையில் 200 சிசி வண்டிக்கு ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். மண் பகுதி உண்டா, ஹெல்மெட்டுக்கு எந்தத் தரமுத்திரை வேண்டும், ரேடியேட்டரில் கூலன்ட் அனுமதி உண்டா, ஆம்புலன்ஸ் டிராக்கிலேயே நிற்குமா. இன்சூரன்ஸைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வண்டி பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கியே எழுதியிருப்பார்கள். டிராக்கில் விழுந்தால் உடைந்தது எல்லாம் கைக்காசுதான். ரிம் அளவை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும். குட்டி யானையில் ஏற்றிப் போவதே சரி.

ரிம் மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. முன்னால் 90/90-21 அளவு டயர் இருந்த இடத்தில் 110/70-17 போட்டால் அச்சு சுமார் 54 மி.மீ. கீழே இறங்கும். பின்னால் 120/80-18-க்குப் பதில் 140/70-17 போட்டால் 10 மி.மீ. சொச்சம்தான் இறங்கும். ஆக முன்பக்கம் 44 மி.மீ. அதிகமாகக் குனிகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய இரண்டு டிகிரி நிமிர்ந்துவிடும். வண்டி சட்டென்று திரும்பும், அது நல்லதுதான். ஆனால் நேராகப் போகும்போது ஹேண்டில் சிலுப்பும். இதன்மேல் 'லுக்'குக்காக ஃபோர்க் குழாயை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு மேலே தூக்கிவிட்டால் சிலுப்பல் இன்னும் கூடும். அதைத் தொடாதீர்கள். முன் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கிற மீட்டரானால் 60 காட்டும்போது உண்மையில் 50-தான் போவீர்கள். ஏபிஎஸ்ஸும் பழைய சக்கர அளவை வைத்தே கணக்குப் போடும், அதனால் டிராக்கில் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வண்டி இறங்கியும் சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி சாயாமல் செங்குத்தாக நிற்கும், காற்றடித்தால் வலது பக்கமாக விழும். ஆடிக்காற்றில் இதை நிறையப் பார்க்கலாம். பேடாக் ஸ்டாண்டு ஒன்று வாங்கிவிட்டு, சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிடுங்கள்.

புதிதாகப் பின்னிய சக்கரத்தில் ஸ்போக் கம்பிகள் முதல் அரை மணி ஓட்டத்தில் தளரும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்று சொல்லும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

இனி போல்ட்டுகள். டிராக்கில் ஒருவர் வண்டி ஆயில் சிந்தினால் பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள். அதனால்தான் ஆயில் வடிகால் போல்ட், ஆயில் ஃபில்டர் மூடி போல்ட், ஆயில் ஊற்றும் மூடி இவற்றைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்கிறார்கள். 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, 1.5 மி.மீ. டிரில் பிட் போதும். பிட் குறைந்தது மூன்று வாங்குங்கள், ஒன்று நிச்சயம் உடையும். போல்ட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, தலையின் ஒரு முனையிலிருந்து அடுத்த பக்கத்துக்கு மூலைவாட்டில் துளை போடுங்கள். மெதுவாக, எண்ணெய் விட்டு. கம்பியை நுழைத்து இரண்டு இழையாக முறுக்கி, அசையாத ஏதாவது ஒன்றில் கட்டுங்கள். கட்டுகிற திசைதான் முக்கியம். போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டினால் அது வெறும் அலங்காரம். வீடு கட்ட வாங்கிய கட்டுக்கம்பி வேண்டாம், துருவும், அதிர்வில் ஒடியும். வடிகால் போல்ட்டின் வாசரையும் புதுசாகப் போடுங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கூடுதலாக ஊற்றினால் சாய்ந்து திரும்பும்போது பிரீத்தர் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குள் தள்ளும்.

ரேடியேட்டர் உள்ள வண்டியானால் கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்வார்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் தாரில் சிந்தினால் தண்ணீர் மாதிரி காயாது, வழுக்கிக்கொண்டே கிடக்கும். போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வீட்டு ஹீட்டரில் உப்புப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ரேடியேட்டருக்குள்ளும் அதேதான். திரும்பி வந்ததும் மறுபடி கூலன்ட் மாற்றுங்கள். வெறும் தண்ணீரில் விட்டால் உள்ளே அலுமினியத்தைக் காக்க எதுவும் இல்லை.

பிரேக்குக்கு வருவோம். டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ரோட்டில் இது தெரியாது. சின்ன டிராக்கில் சில நொடிக்கு ஒருமுறை முன் பிரேக் பிடிக்கிறீர்கள், டிஸ்க் ஆற நேரமே இல்லை. ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், லீவர் கிரிப் வரைக்கும் வந்து ஒட்டும். முதல் செஷனில் நன்றாகப் பிடித்த பிரேக் மூன்றாவது செஷனில் 'பஞ்சு' மாதிரி ஆனால் காரணம் இதுதான். சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கி, பழையது முழுக்க வெளியே போகும்வரை தள்ளி மாற்றுங்கள். திறந்து மாதக்கணக்கில் வைத்த மிச்ச பாட்டில் ஆகாது. டாட் 5 என்று எழுதியது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது சேரும். மாற்றியபின் இரவு முழுக்க லீவரை ரப்பர் பாண்டால் இழுத்துக் கட்டி வையுங்கள். மிச்சமிருக்கும் சின்னக் குமிழிகள் மேலேறிப் போகும். பேட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். லீவர் நுனி உருண்டை உடைந்திருந்தால் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள், விழுந்தால் அந்த முனை ஈட்டி.

டயர் காற்று விஷயத்தில் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் "அண்ணாச்சி, டிராக்குக்குப் போறேன், எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்டால் "முப்பத்திரண்டு வச்சுக்கோ தம்பி" என்பார். ரோட்டுக்கு அது சரி. டிராக்கில் ரோட்டு அளவைவிட 2 முதல் 4 பி.எஸ்.ஐ. குறைவாகத் தொடங்குவது வழக்கம். எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நிழலில், 30 டிகிரியில் 28 வைத்திருக்கிறீர்கள். ஓடி வந்ததும் உள்ளே காற்று 60 டிகிரி ஆனால் கேஜ் 32 காட்டும். ஏறக்குறைய பத்து டிகிரிக்கு ஒன்றரை. 28-ல் தொடங்கி 35-க்குப் போனால் காற்று குறைவு, டயர் அளவுக்குமீறி நெளிந்து சூடாகிறது. ஒன்றுமே ஏறவில்லையென்றால் காற்று அதிகம், அல்லது நீங்கள் இன்னும் மெதுவாக ஓட்டுகிறீர்கள். முதல் நாளில் இரண்டாவதுதான் காரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பிச் சக்கரத்தில் ட்யூப் இருந்தால் ரொம்பவும் குறைக்காதீர்கள். டயர் ரிம்மில் நழுவி வால்வு அடியோடு கிழியும். கேஜ் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் ஒரு கணக்குக் காட்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 1824 என்றால் 2024-ஆம் வருடம் 18-ஆம் வாரம். நம் வெயிலில் வெளியே நின்ற பழைய டயர் பட்டை ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும்.

ஓட்டிப் பழகத் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டிராக்கின் மண் பகுதி கெட்டிப்பட்டது. தேரி மணல் சக்கரத்தை விழுங்கும், பழக்கமே வேறு. அந்தச் செம்மணல் ஏர் ஃபில்டரையும் செயினையும் தின்றுவிடும். அதைவிட, சொந்தக்காரர் அனுமதியோடு காய்ந்த தோட்டத்துத் தரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பிளாஸ்டிக் குடம் வைத்து எட்டுப் போடுங்கள். முன்னால் நகர்ந்து டாங்க்கை ஒட்டி உட்கார்ந்து, வெளிப்பக்க முழங்கையைத் தூக்கி, உடம்பு நிமிர்ந்தே இருக்க வண்டியை மட்டும் கீழே அழுத்துவது. உள்பக்கக் காலை முன்னால், ஃபோர்க் பக்கம் நீட்ட வேண்டும், பக்கவாட்டில் அல்ல. கால் தரையில் ஊன்றுவதற்கில்லை. பாரத்தோடு ஊன்றினால் பூட்ஸ் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். பின்சக்கரத்தை வழுக்க விட்டு வளைவுக்குள் போகிற வித்தையை முதல் சனி ஞாயிறில் நினைக்கவே வேண்டாம்.

உடுப்பில் லெதர் சூட் வாங்க முடியாவிட்டால் வாடகைக்குக் கேளுங்கள். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். வியர்வையில் ஊறி லெதரோடு ஒட்டி, சூட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். கையுறை மணிக்கட்டை மூட வேண்டும், பூட்ஸ் கணுக்காலுக்கு மேலே வர வேண்டும்.

வண்டியை ஏற்றும்போது முன்சக்கரம் தடுப்பில் முட்டட்டும். கட்டுகிற பட்டை கீழ் கிளாம்ப்பில் போகட்டும், ஹேண்டிலில் அல்ல. ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும், முழுக்க இறுக்கினால் சீல் ஒழுகும். முதல் இருபது கிலோமீட்டரில், கங்கைகொண்டான் தாண்டி ஒரு தடவை நிறுத்திப் பட்டையைப் பாருங்கள், எப்போதும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட்டால் இரவு தூக்கம் கிடைக்கும். வழியில் பரோட்டா, சால்னா பக்கம் போகாதீர்கள், மறுநாள் காலை அது ஹெல்மெட்டுக்குள் நியாயம் கேட்கும். இட்லி, தயிர்சாதம் போதும்.

சனிக்கிழமை மதியத்துக்குள் முன்கை கல்லாக இறுகும். பயத்தில் கிரிப்பை நெரிப்பதுதான் காரணம். முழங்காலால் டாங்க்கைப் பிடித்தால் கை தளரும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு போய்விடும். ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அல்லது உப்புப் போட்ட மோர். நன்னாரி சர்பத்தில் சர்க்கரைதான், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல் இருந்தால் அந்த நாள் ஓட்டம் முடிந்தது. சூட்டைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கொடிகளை முந்தின இரவே மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நின்றது, மெதுவாக, வண்டிகள் நிற்கும் பிட் பகுதிக்கு வாருங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். அதைப் பார்த்து ஒதுங்கத் தோன்றும், ஒதுங்காதீர்கள். உங்கள் பாதையிலேயே போங்கள், அவர் சுற்றிப் போவார். ஆரம்பக்காரர் திடீரென்று ஒதுங்குவதில்தான் மோதல் நடக்கிறது. வெளியேறும்போது கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி செஷனை விட்டுவிடலாம். கை ஓய்ந்திருக்கும், டயரும் ஓய்ந்திருக்கும், மனசு மட்டும் இன்னும் ஒரு சுற்று என்று கேட்கும். அந்த இருபது நிமிடத்தில் வண்டியைக் குளிரவிட்டு, கம்பிகளைத் தட்டிப் பார்த்து, பெட்ரோலைக் கால் டாங்க்குக்குக் குறைத்து, வெளிச்சம் இருக்கும்போதே குட்டி யானையில் ஏற்றிவிடுங்கள். இருட்டில் தட்டுத் தடுமாறி ஏற்றும்போது சாய்ந்து லீவர் உடைகிற வண்டிகள், டிராக்கில் விழுகிறவற்றுக்குக் குறைச்சலில்லை.