துடைத்த பின்னும் எஞ்சியிருப்பவை

மட்டக்களப்பில் வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் நுண்ணங்கிகளை வளர்த்து இனங்காண்பது என் அன்றாடத் தொழில். வாட்டுகளிலிருந்து வரும் சளி, சீழ், சிறுநீர் மாதிரிகளோடு, சத்திரசிகிச்சைக் கூடத்து மேசைகளிலிருந்து எடுத்த சுவாப்களும் எங்களிடம் வரும். அவற்றின் அறிக்கையில் ‘அசினெற்றோபக்டர்’ என்ற பற்றீரியாவின் பெயரை எழுத நேரும்போதெல்லாம் விண்கலங்கள் என் நினைவுக்கு வருகின்றன. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அலைக்கழிக்கும் அதே பேரினம்தான், விண்கலங்களைப் பொருத்தும் தூய அறைகளிலும் மீண்டும் மீண்டும் கண்டெடுக்கப்படுகிறது.

பூமியின் உயிர்கள் வேறு கோள்களை மாசுபடுத்தக் கூடாது என்ற கடப்பாடு 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதனால்தான் செவ்வாயில் இறங்கும் கலங்கள் வடிகட்டிய காற்றோட்டமுள்ள அறைகளில், உடல் முழுவதையும் மூடிய ஊழியர்களால் பொருத்தப்படுகின்றன. மேற்பரப்புகள் மதுசாரம் கொண்டு திரும்பத் திரும்பத் துடைக்கப்படுகின்றன. 1975 இல் ஏவப்பட்ட வைக்கிங் கலங்களை ஏறத்தாழ 112 பாகை செல்சியசில் 30 மணி நேரம் உலர்வெப்பத்தில் வைத்தே அனுப்பினார்கள். இறங்கு கலமொன்றில் சதுர மீற்றருக்குச் சராசரியாக 300 வித்திகளும் (சில பற்றீரியாக்கள் பாதகமான சூழலில் எடுக்கும், கடினமான உறையுள்ள உறங்கும் வடிவம்), மொத்தத்தில் 3 இலட்சம் வித்திகளுமே அனுமதிக்கப்பட்ட எல்லையாக இருந்து வந்திருக்கின்றன. அவற்றை எண்ணும் முறை எங்கள் வேலையைப் போன்றதே: சுவாப் எடுத்து, அந்த நீர்மத்தை 80 பாகையில் 15 நிமிடங்கள் சூடாக்கி, வெப்பத்தைத் தாங்கிய வித்திகளை மட்டும் தட்டில் வளர்த்துக் கணக்கிடுகிறார்கள். வித்தி உருவாக்காத பற்றீரியாக்கள் அந்தச் சூட்டில் இறந்துவிடுவதால் எண்ணிக்கையில் சேர்வதில்லை. அசினெற்றோபக்டரும் வித்தி உருவாக்காத பேரினம்தான்.

இத்தனைக்கும் தப்பியவை எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜெற் உந்துவிசை ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கப்பட்ட பசிலசு பியூமிலசு என்ற பற்றீரியாவின் வித்திகள், புற ஊதாக் கதிரையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் தம் உறவினங்களைவிட நன்றாகத் தாங்கின. புளோரிடாவிலும், அங்கிருந்து ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிரெஞ்சு கயானாவிலும் இருக்கும் இரு தூய அறைகளில் ஒரே புதிய பற்றீரியா கிடைத்தது. 2013 இல் அதற்கு ‘தெர்சிகொக்கசு பீனிசிசு’ என்று பெயரிட்டார்கள். என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2018 இல் கலிபோர்னியாவின் பொமோனா நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் பேராசிரியரும் மாணவர்களும் வெளியிட்ட ஆய்வு. வேறு உணவே இல்லாத நிலையில், தூய அறை அசினெற்றோபக்டர்கள் தூய்மையாக்கப் பயன்படும் எதைல் மதுசாரத்தையே உணவாக்கிக்கொண்டு வளர்ந்தன.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். கையில் தேய்க்கும் 70 சதவீத மதுசாரம் இந்தப் பற்றீரியாவைக் கொல்லும். உணவாக மாறியது நீர்த்துப்போன சிறிய அளவுதான். ஆனால் துடைக்கும்போது நாம் ஒரு தெரிவையும் செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மென்மையானவை மடிய, உலர்வையும் பட்டினியையும் தாங்குபவை போட்டியின்றித் தனியே நிற்கின்றன.

இதை நான் விண்வெளி பற்றிய ஆய்வுகளில் வாசிப்பதற்கு முன்னரே ஒரு போத்தலில் பார்த்திருக்கிறேன். முன்பு பணியாற்றிய இடமொன்றில், புண் கழுவும் தொற்றுநீக்கி தீரத் தீர, அடியில் எஞ்சிய நீர்மத்தின் மேலேயே புதியதை ஊற்றி நிரப்பி வந்தார்கள். சில வேளை அதில் தண்ணீரும் கலந்தது. ஒரே வாட்டில் அடுத்தடுத்துச் சிலருக்குப் புண் ஆறாமல் இருக்கவே, எதையும் விடாமல் சோதித்தோம். மறுநாள் அந்தப் போத்தலுக்குரிய தட்டைத் திறந்தபோது பச்சை நிறம் படர்ந்திருந்தது. பழுத்த திராட்சையின் இனித்த மணம் வந்தது. சூடோமோனாசு என்ற பற்றீரியா. கிருமியைக் கொல்லவென்று வைத்த நீர்மத்துக்குள்ளேயே அது வாழ்ந்துகொண்டிருந்தது. வீட்டிலும் இதே பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்: தொற்றுநீக்கிப் போத்தலை மீதியின் மேல் நிரப்பாதீர்கள். வெறுமையாக்கி, கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே நிரப்புங்கள். போத்தலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

வித்திகளின் கதை வேறு. ஸ்பிரிட் அவற்றை ஒன்றும் செய்யாது. அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் ஒட்டோகிளேவில் வைத்த பொதியின் மேல் ஒட்டிய நாடாவில் கறுத்த கோடுகள் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோடு, பொதி வெப்பத்தைக் கண்டது என்பதை மட்டுமே காட்டும். பொதியின் நடுவில் வித்திகள் செத்தனவா என்பதை, வெப்பத்தை மிகவும் தாங்கும் சியோபசிலசு வித்திகளை உள்ளே வைத்து, பிறகு வளர்த்துப் பார்த்தே சொல்ல முடியும். தூய அறையில் கண்ட பசிலசின் உறவினமான பசிலசு சீரியசு நம் வயல் மண்ணிலிருந்து அரிசியோடு வருகிறது. அதன் வித்திகள் கொதிநீருக்குத் தப்பும். அன்னதானத்துக்குக் கிடாரத்தில் ஆக்கிய சோறு மூடியபடி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு அழியாது.

தெர்சிகொக்கசு வித்தி உருவாக்குவதில்லை. ஆனால் உலர்ந்து பட்டினி கிடக்கும்போது அது உறங்குநிலைக்குப் போய், வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் இறந்ததுபோலவே இருக்கிறது என்றும், உரிய புரதமொன்றைக் கொடுத்தால் விழித்தெழுகிறது என்றும் 2025 இல் காட்டியிருக்கிறார்கள். ‘வளர்ச்சி இல்லை’ என்று நான் கையெழுத்திட்ட அறிக்கைகள் அத்தனையையும் அன்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சொற்களின் பொருள், நான் கொடுத்த உணவில், நான் வைத்த வெப்பத்தில், நான் காத்திருந்த நேரத்துக்குள் எதுவும் வளரவில்லை என்பதுதான். இப்போது மேசைகளிலிருந்து வரும் சுவாப்களின் தட்டுகளை இரண்டாம் நாள் அறிக்கை போன பின்னரும் எறிவதில்லை. திகதி எழுதிய பிளாஸ்டரை ஒட்டி, இன்கியுபேட்டரின் கீழ்த்தட்டில் மேலும் ஐந்து நாட்கள் விட்டு வைக்கிறேன்.