டாட் இன் பெயர் யாருடையது?

பொள்ளாச்சிப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கிற என் மாமாவின் வெப்சைட் ஒருநாள் காலையில் காணாமல் போய்விட்டது. முகவரியை அடித்தால் எண்ணெய் டப்பாவுக்குப் பதில் யாரோ விற்கிற செருப்பு விளம்பரம். "காசு குடுத்து வாங்குனவன் நானு, அதெப்படி மாப்ள இல்லாமப் போகும்?" என்று போனில் கத்தினார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, யாரும் வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம், அந்தக் குத்தகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முழு வித்தியாசமும்.

முகவரியின் கடைசியில் வருகிற டாட் இன் என்ற வாலை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு, மத்திய அரசின் கண்காணிப்பில் லாப நோக்கம் இல்லாமல் நடப்பது. எந்தப் பெயர் யாருக்கு, எந்தத் தேதி வரைக்கும், எந்த நேம்சர்வரில் (வெப்சைட் எங்கே இருக்கிறது என்று பதில் சொல்கிற மெஷின்) என்ற பெரிய பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நிக்ஸியிடம் நாம் நேராகப் போவதில்லை, அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார் என்ற சில்லறைக் கடைக்காரரிடம் போகிறோம், அவர் நம் விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். ஒரு வருஷத்திலிருந்து 10 வருஷம் வரை எடுக்கலாம். முதல் வருஷம் தள்ளுபடி, அடுத்த வருஷம் முழு விலை என்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம், அதனால் எடுக்கும்போதே புதுப்பிக்கிற விலையைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு பெயரின் பதிவு விவரத்தைப் பார்க்க ஹூ இஸ் என்று ஒரு தேடல் வசதி உண்டு. மாமாவின் பெயரைத் தேடிப் பார்த்தேன். உரிமையாளர் நிறுவனம் என்ற இடத்தில் சைட் செய்து கொடுத்த டிசைனரின் கம்பெனி, மாநிலம் கர்நாடகா, காலாவதித் தேதி ஒன்பது நாளைக்கு முன்னால். மாமா பெயர் எங்கேயும் இல்லை. டிசைனர் தன் கணக்கில் தன் மெயிலைக் கொடுத்து எடுத்திருக்கிறார், புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன, அவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நல்லவேளை, காலாவதியான பெயர் அன்றைக்கே கைமாறிவிடாது. சில வாரம் அவகாசம் தருகிறார்கள், வழக்கமான புதுப்பிக்கிற கட்டணத்திலேயே மீட்கலாம், அதையும் தாண்டினால் அபராதம் மாதிரி கூடுதலாகக் கேட்பார்கள், அப்புறம்தான் பெயர் பொதுவில் விழும். விழுவதற்காகவே காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சைட் போனால்கூடப் பரவாயில்லை, அந்தப் பெயரில் இருக்கிற மெயிலும் சேர்ந்து போகிறது பாருங்கள், அதுதான் பயம். புதிதாக எடுத்தவர் அதே மெயில் முகவரியை உருவாக்கிக்கொண்டு பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால், பழையவரின் கணக்குகள் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போய்விடும்.

டிசைனரைச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாகப் பிடித்தோம். அவர் புதுப்பித்து, பெயரை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்வதற்கான ரகசியக் குறியீட்டை அனுப்பினார், அதைக் கொடுத்து மாமாவின் சொந்தக் கணக்குக்குக் கொண்டுவந்தோம். வெப்சைட்டை வைத்திருக்க இடம் தருகிற புது ஹோஸ்டிங்குக்கு நேம்சர்வரை மாற்றியதும் என் போனில் எண்ணெய் டப்பா வந்துவிட்டது, மாமா போனில் இன்னமும் செருப்பு! "பரவ 24 மணி நேரம் ஆகும்" என்று ஹோஸ்டிங் ஆட்கள் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னார்கள். உண்மையில் எதுவும் எங்கேயும் பரவுவதில்லை.

நீங்கள் பெயரை அடித்ததும் போன் அதை உங்கள் நெட் கம்பெனியின் விடைதேடும் சர்வரிடம் கேட்கிறது. அதற்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ரூட் சர்வரிடம் போகும். உலகம் முழுக்க 13 பெயர்களில் இவை இருக்கின்றன, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பல ஊர்களில் பல மெஷின்கள். ரூட்டுக்கு மாமாவைத் தெரியாது, "டாட் இன்னா? நிக்ஸியின் சர்வர் இங்கே இருக்கிறது, அங்கே கேள்" என்று சொல்லும். நிக்ஸியின் சர்வருக்கும் வெப்சைட் எங்கே இருக்கிறது என்று தெரியாது, இந்தப் பெயருக்கு நேம்சர்வர் எது என்று மட்டும் சொல்லும். அந்த நேம்சர்வர்தான் கடைசியில் வெப்சைட் இருக்கிற மெஷினின் ஐபி எண்ணைக் கொடுக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் டீக்கடையில் தெருவைக் கேட்டு, தெருமுனையில் வீட்டைக் கேட்டுப் போகிற மாதிரிதான், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் இப்படி அலையக்கூடாது என்பதற்காக, கிடைத்த விடையை அந்த சர்வர் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்று விடையிலேயே நொடிக் கணக்கில் எழுதியிருக்கும், 3600 என்றால் ஒரு மணி நேரம். மாமாவின் நெட் கம்பெனி பழைய விடையை வைத்திருந்தது, நேரம் தீர்ந்ததும் புதிதாகக் கேட்டது, டப்பா வந்தது. அவ்வளவுதான்.

சரி, நாட்டுக்கு ஒரு வால் என்பதை யார் முடிவு செய்தது? நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு தருகிற ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எது நாடு, எது நாடில்லை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று 1994-லேயே, இந்த வால்களை அப்போது கவனித்துவந்த ஜான் போஸ்டெல் எழுதிய ஆவணத்தில் இருக்கிறது, புத்திசாலித்தனமான நழுவல். இதனால் வேடிக்கைகளும் நடந்தன. அங்குவில்லா என்ற குட்டித் தீவுக்கு ஏஐ என்ற எழுத்துகள் தற்செயலாகக் கிடைக்க, செயற்கை நுண்ணறிவுக்கும் அதே சுருக்கம் என்பதால் இன்றைக்கு அதில் கொட்டுகிறது பணம். யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனதால் டாட் ஒய்யு 2010-ல் நீக்கப்பட்டது.

டாட் இன் 1989-ல் ஒதுக்கப்பட்டது, ஆனால் விதிகள் இறுக்கமாக இருந்ததால் 2004 வரை சுமார் 7,000 பெயர்கள்தான் பதிவாயின. 2005-ல் நிக்ஸி வந்து கதவைத் திறந்துவிட்டது, இப்போது இந்தியாவில் இல்லாதவர்கூட எடுக்கலாம். அதனால் டாட் இன் இருக்கிறது என்பதற்காக அது இந்தியக் கடை என்று நம்பிவிடாதீர்கள். அந்த நம்பிக்கையை வால் தரவேண்டும் என்றால் யாருக்குக் கொடுப்பது என்பதை இறுக்கவேண்டும். டாட் கவ் டாட் இன் அரசுக்கு மட்டும். போலி வங்கி சைட்கள் பெருகியதால், 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் முகவரி மாறியிருப்பது இதனால்தான்.

பெயர் திரும்பி வந்த சந்தோஷத்தில் மாமாவுக்குத் தமிழிலும் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே ஒரு வால் 2011-லிருந்து இருக்கிறது, டாட் இலங்கை அதற்கும் முந்தியது, டாட் சிங்கப்பூரும் உண்டு. ஆனால் அடியில் ஓடுகிற பழைய இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு தவிர எதுவும் தெரியாது. அதனால் பிரவுசர் நம் தமிழைச் சத்தமில்லாமல் மாற்றி அனுப்புகிறது. டாட் இந்தியா என்பது பதிவேட்டில் எக்ஸ்என், இரண்டு சிறு கோடு, அப்புறம் எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச் என்று கிடக்கிறது. எக்ஸ்என் என்று தொடங்கினால் இது வேறு லிபி என்று பிரவுசருக்குப் புரிந்துவிடும், திரும்பத் தமிழாக்கிக் காட்டும்.

வெப்சைட் திறந்தது. அந்தத் தமிழ்ப் பெயரில் இருக்கிற மெயில் முகவரியை ஒரு படிவத்தில் போட்டுப் பார்த்தோம், "சரியான மெயில் முகவரி தரவும்" என்று சிவப்பில் வந்தது, இன்னொன்றிலும் அதேதான். இப்போது எண்ணெய்ப் பையில் தமிழ் முகவரி அச்சாகியிருக்கிறது, பில் புத்தகத்தில் பழைய டாட் இன் மெயில்.