வேட்டை உரிமம்: ஆளுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று

அமெரிக்க மான் வேட்டையைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போது ‘வேட்டை அனுமதி’ என்ற ஒரே தொடரை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். லைசென்ஸ் என்றாலும் அனுமதி, பெர்மிட் என்றாலும் அனுமதி, டேக் என்றாலும் அனுமதி. படிப்பவருக்கு அதற்குப் பிறகு எதுவும் புரிவதில்லை. ‘அனுமதி பெற்றிருந்தும் அனுமதி இல்லாமல் மானைச் சுட்டதாக வழக்கு’ என்று ஒரு வரி வந்தால் அதில் என்ன தப்பு நடந்தது என்று யார் சொல்ல முடியும்? அங்கே லைசென்ஸ் ஆளுக்கு உரியது, டேக் மானுக்கு உரியது. இந்த ஒரு வேறுபாட்டைத் தமிழில் பிடித்துவிட்டால் மான் வேட்டைச் சட்டத்தில் பாதி விளங்கிவிடும்.

முதலில் லைசென்ஸ். லத்தீனில் ‘லிக்கேரே’ என்றால் ஒன்றைச் செய்ய விடப்பட்டிருப்பது. அதிலிருந்து ‘லிக்கென்தியா’ என்ற பெயர்ச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஓய்வு நேரத்தைக் குறிக்கும் ‘லெஷர்’, சட்டத்துக்குப் புறம்பானதைக் குறிக்கும் ‘இல்லிசிட்’ ஆகிய சொற்களுக்கும் இதே வேர்தான். ஆக, லைசென்ஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. பொதுவில் கூடாது என்று இருப்பதை ஒருவருக்கு மட்டும், ஒரு காலத்துக்கு மட்டும் தளர்த்துவதே லைசென்ஸ்.

மான் விஷயத்தில் இந்தத் தடை மிகப் பழையது. நார்மானியர் ஆண்ட இங்கிலாந்தில் ‘ஃபாரஸ்ட்’ என்பது மரங்கள் அடர்ந்த இடத்தைக் குறித்த சொல் இல்லை. அரசனின் வேட்டைக்காகத் தனிச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கே அந்தப் பெயர். அதற்குள் வயலும் ஊரும்கூட இருந்தன. அங்கே மானைத் தொட்டவர் கண்ணையோ கையையோ இழக்கும் காலமும் இருந்தது. 1217ஆம் ஆண்டின் வனச் சாசனம்தான் அரசனின் மானுக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று விதித்தது. அதன்பின் அபராதம், கட்ட முடியாதவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் இந்த அரசுரிமையை விட்டுவிட்டு வந்தார்கள். மான் எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான பொருள் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதையும் அவர்கள் சீக்கிரமே பார்த்தார்கள். 1646இலேயே ரோட் ஐலண்டின் போர்ட்ஸ்மத் ஊர் மே 1 முதல் நவம்பர் 1 வரை மான் வேட்டையைத் தடை செய்தது. 19ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சந்தை வேட்டை பெருகி, வெள்ளைவால் மான் பல பகுதிகளில் அடியோடு மறைந்தது. அந்த நெருக்கடியில்தான் ஆள்வாரி லைசென்ஸ் பிறந்தது. மிச்சிகன் மாநிலம் 1895இல் மான் வேட்டைக்கு லைசென்ஸ் கொண்டுவந்தபோது உள்மாநிலத்தவருக்கு 50 சென்ட், வெளியாருக்கு 25 டாலர். உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் கட்டணம் வேறு என்ற வழக்கம் இன்றும் எல்லா மாநிலங்களிலும் தொடர்கிறது. 1900இல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பதை மத்திய அரசின் குற்றமாக்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் அரசு வழக்கு ‘உரிமம்’. ஓட்டுநர் உரிமம் என்று எல்லாரும் சொல்கிறோம். இலங்கையில் ‘அனுமதிப்பத்திரம்’, அங்கே அதுவே சாரதி அனுமதிப்பத்திரம். பொருளை மட்டும் பார்த்தால் இலங்கை வழக்குதான் லத்தீன் வேருக்கு நெருக்கமானது. ‘உரிமம்’ என்ற சொல் ‘உரி’ என்ற அடியிலிருந்து வருகிறது. உரியவர், உரிமை, உரித்து எல்லாம் அதன் உறவு. அதனால் உரிமம் வைத்திருப்பவருக்கு மானின் மேல் ஏதோ உரிமை இருப்பதுபோல ஒரு நிழல் விழுகிறது. உண்மையில் அப்படி எதுவும் இல்லை. காட்டில் நடமாடும் மான் எவருக்கும் சொந்தமில்லை, மாநிலம் அதைப் பொதுமக்கள் சார்பில் காத்து நிற்கிறது. வேட்டைக்காரர் சட்டப்படி அதை வீழ்த்திக் கைப்பற்றிய பிறகே அது அவருடையது. தனியார் நிலத்தில் வேட்டையாட நில உரிமையாளரின் சம்மதம் வேறு வேண்டும், அதை எந்த உரிமமும் தராது. இருந்தாலும் ‘உரிமம்’ நன்றாகவே ஊன்றிவிட்டது. நாலு எழுத்தில் முடிகிறது, ‘உரிமம் ரத்து’, ‘உரிமக் கட்டணம்’, ‘உரிமதாரர்’ என்று வளைந்தும் கொடுக்கிறது. லைசென்ஸுக்கு வேட்டை உரிமம் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘அனுமதி’யைப் பெர்மிட்டுக்கு விட்டுவிடலாம்.

உரிமம் பணம் கட்டினால் மட்டும் கிடைப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறிய சான்றிதழ் கேட்பார்கள். துப்பாக்கியைக் கையாளும் முறை, சுடும் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம், எந்த விலங்கு எது என்று அடையாளம் காண்பது எல்லாம் அதில் வரும். துப்பாக்கிப் பருவத்தில் பல மாநிலங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை கட்டாயம். மனிதக் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் அந்த நிறத்தை மானின் கண் நம்மைப் போலப் பார்ப்பதில்லை. இது உயிர் காக்கும் விதி.

அடுத்தது டேக். இங்கேதான் தமிழ் எழுத்து அதிகம் தடுமாறுகிறது. டேக் என்பது ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு மான், அவ்வளவுதான். டெக்சாஸில் உரிமத்தோடு சேர்த்தே மான் சீட்டுகளைத் தருகிறார்கள். காகிதச் சீட்டின் ஓரத்தில் மாதங்களும் தேதிகளும் அச்சிட்டிருக்கும். மான் விழுந்ததும் அதை எடுத்துச் செல்வதற்கு முன் வேட்டைக்காரர் அன்றைய மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். பேனாவால் குறித்தால் போதாது. காரணம் எளிதில் புரியும்: மை அழியும், வெட்டியது ஒட்டாது. அதே சீட்டை வைத்து இன்னொரு மானைக் கொண்டுபோக முடியாது. அப்புறம் அந்தச் சீட்டை மானின் உடலில் கட்டிவிட வேண்டும். இப்போது கைபேசியிலேயே பதிவு செய்யும் மின்சீட்டும் வந்திருக்கிறது.

இதற்கு ‘மான் சீட்டு’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ‘குறிச்சொல்’, ‘பட்டை’, ‘வில்லை’ என்றெல்லாம் அகராதிகள் தரும். குறிச்சொல் கணினிக்குப் போய்விட்டது, வில்லை என்றால் மாத்திரை நினைவுக்கு வருகிறது. சீட்டு என்றால் ஒரு முறை பயன்படுத்தித் தீர்ந்துபோவது என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும், டேக்கின் உயிரும் அதுதானே.

மேற்கு மாநிலங்களில் சீட்டு எளிதில் கிடைக்காது. கொலராடோ போன்ற இடங்களில் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மான் என்று கணக்கிட்டுக் குலுக்கல் நடத்துகிறார்கள். கிடைக்காதவருக்கு முன்னுரிமைப் புள்ளி சேரும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது கைகொடுக்கும். பெர்மிட் என்ற சொல் இந்த இடத்தில்தான் குழப்பும். ஒரு மாநிலம் டேக் என்பதையே இன்னொன்று பெர்மிட் என்று அழைக்கும். ஆகவே மொழிபெயர்ப்பவர் சொல்லைப் பார்க்காமல் அது ஆளுக்கா, மானுக்கா, இடத்துக்கா என்று பார்க்க வேண்டும்.

எந்த மான் என்பதிலும் சொல் நுட்பம் உண்டு. சில சீட்டுகளில் ‘ஆன்ட்லர்லெஸ்’ என்று போட்டிருக்கும். இதைப் ‘பெண் மான்’ என்று எழுதினால் சட்டமே மாறிவிடும். கொம்பு முளைக்காத ஆண் கன்றும், பல மாநிலங்களில் மூன்று அங்குலத்துக்குக் குறைவான கொம்புள்ள இளம் ஆணும் இந்த வகைக்குள்தான் வரும். ‘கொம்பில்லா மான்’ என்று எழுதி, அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. தமிழில் மானுக்குச் சொல் பஞ்சமில்லை. ஆணுக்குக் கலை, இரலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி. தொல்காப்பிய மரபியலே இவற்றைப் பிரித்துச் சொல்கிறது. ‘பக்’ என்பதற்குக் கலை, ‘டோ’ என்பதற்குப் பிணை என்று எழுதினால் அழகாக இருக்கும். முதல் முறை மட்டும் ஆண் மான், பெண் மான் என்று விளக்கிவிட்டால் போதும். ஆனால் இரலையை அமெரிக்க மானுக்குப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது முறுக்குக் கொம்புள்ள, கொம்பு உதிராத விலங்கின் பெயராகவே நம் மனதில் நிற்கிறது. வெள்ளைவால் கலைக்கோ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

‘குளோஸ்டு சீசன்’ என்பதற்கு ‘மூடிய பருவம்’ என்று எழுதியதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். நம்மிடம் ‘தடைக்காலம்’ என்ற கச்சிதமான சொல் கடலோரத்தில் புழங்குகிறது. மீன்பிடித் தடைக்காலம் போலவே மான் வேட்டைத் தடைக்காலம். காரணமும் ஒன்றேதான், இனம் பெருக இடைவெளி விடுவது. வட மாநிலங்களில் வெள்ளைவால் மான் நவம்பர் வாக்கில் இணைசேர்ந்து, சுமார் 200 நாள் சுமந்து, கோடையின் தொடக்கத்தில் ஈனுகிறது. தாயை நம்பி மறி வாழும் அந்த மாதங்கள் தடைக்காலத்துக்குள் விழுகின்றன. திறந்திருக்கும் நாட்கள் ‘வேட்டைக்காலம்’. அதிலும் வில்லுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். ஒருவர் எத்தனை மானை வீழ்த்தலாம் என்ற உச்ச அளவான ‘பேக் லிமிட்’ என்பதைப் பையோடு தொடர்புபடுத்தாமல் ‘வேட்டை வரம்பு’ என்றால் போதும்.

உரிமக் கட்டணம் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பாதிப் பங்கை நிலப்பரப்பும் மறுபாதியைக் காசு கட்டிய உரிமதாரர்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. இந்தப் பணத்தைப் பெற ஒரு நிபந்தனை உண்டு. உரிமக் கட்டண வருமானத்தை மாநிலம் தன் மீன், வனவிலங்குத் துறையைத் தாண்டி வேறு எதற்கும் திருப்பக் கூடாது. வெள்ளைவால் மான் அழிவின் விளிம்பிலிருந்து கோடிக்கணக்கில் திரும்பி வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, ‘ஹார்வெஸ்ட் ரிப்போர்ட்’. அதிகாரபூர்வ ஆவணங்கள் கொல்வது என்ற சொல்லைத் தவிர்த்து இப்படி எழுதுகின்றன. தமிழில் ‘அறுவடை அறிக்கை’ என்றால் நெல் வந்து நிற்கும். ‘வேட்டைக் கணக்கு’ என்று எழுதலாம். பல மாநிலங்களில் மானை வீழ்த்தியவர் அது கலையா பிணையா, எந்த மாவட்டம், எந்த நாள் என்று குறித்த கெடுவுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும். நோய் பரவும் பகுதி என்றால் பரிசோதனைக்குத் தலையையும் கேட்பார்கள். மூளையையும் முதுகெலும்பையும் அந்தப் பகுதியை விட்டு வெளியே கொண்டுபோகத் தடையும் இருக்கும். கொலராடோவில் 1967இல் முதலில் கண்டறியப்பட்ட நாள்பட்ட மெலிவு நோய் அந்தத் திசுக்களில்தான் அதிகம் தங்குகிறது. இந்தக் கணக்கையும் மற்ற மதிப்பீடுகளையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த ஆண்டு எந்தப் பகுதிக்கு எத்தனை மான் சீட்டு என்று துறை முடிவு செய்கிறது.