நியாயம் கற்பித்தலா, பகுத்தறிவாக்கமா?

“குற்றவாளி தன் செயலைப் பகுத்தறிவாக்கம் செய்கிறான்.” பாலியல் வன்முறை பற்றிய உளவியல் மொழிபெயர்ப்புகளில் இந்த வாக்கியம் ஓயாமல் வருகிறது. பகுத்தறிவுக்கு வந்த சோதனை!

மூலச்சொல் ‘ரேஷனலைசேஷன்’. கணக்கு, அறிவு, காரணம் என்றெல்லாம் பொருள்படும் ‘ரேஷியோ’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. உளவியலுக்குள் 1908-இல் இதைக் கொண்டுவந்தவர் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ். செய்ததற்கு உண்மைக் காரணத்தை மறைத்து, கேட்க ஏற்றதாக வேறொன்றைப் பிறகு ஒட்டவைப்பது என்பதே பொருள். அதில் பகுத்தறிவு எங்கே இருக்கிறது?

செய்தித்தாள்களுக்குப் பிடித்த ‘நியாயப்படுத்துதல்’ இன்னும் ஆபத்தானது, பழகிவிட்டதால் உறுத்துவதில்லை. தூய்மைப்படுத்தினால் தூய்மையாகும், ஒழுங்குபடுத்தினால் ஒழுங்காகும். ‘நியாயப்படுத்தினான்’ என்றால்? இலக்கணமே அவனுக்குப் பாதி விடுதலை கொடுத்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, சாக்குச் சொல்வதையும் இதே சொல்லில் அடைக்கிறார்கள். அமெரிக்கச் சிறைகளில் இருந்த 114 வன்புணர்வுக் குற்றவாளிகளிடம் பேசி, சமூகவியலாளர்கள் ஸ்கல்லியும் மரோலாவும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள், “குடித்திருந்தேன், மனம் சரியில்லை” என்றார்கள். இது சாக்கு. மறுத்தவர்களோ, “அவள்தான் மயக்கினாள், வேண்டாம் என்றது சும்மா” என்றார்கள். இது நியாயம் தேடுவது. மதுவைக்கூட அவரவர் வசதிப்படி பயன்படுத்தினார்கள்: ஒப்புக்கொண்டவனுக்குத் தன் போதை கைகொடுத்தது, மறுத்தவனுக்கு அவளுடைய போதை.

மறுத்தவர்கள் செய்ததற்கு நம் அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்று பெயர். காற்றில் ஆடும் கொடி கைகாட்டி அழைப்பதாகக் கவிஞன் பாடலாம். பெண்ணின் சிரிப்பிலும் மௌனத்திலும் தன் ஆசையை ஏற்றி ‘சம்மதம்’ என்று இவன் படித்தால் அது அணியன்று, குற்றம்.

என் தேர்வு ‘நியாயம் கற்பித்தல்’. இந்தக் கற்பித்தல் பாடம் நடத்துவதன்று. கற்பிதத்தின் உறவு, இல்லாததை உண்டாக்குவது. பொய்யென்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் வடசொல் என்று முகம் சுளித்து ‘ஏரணப்படுத்தம்’ என்பாரும் உண்டு; ஏரணம் என்றால் தர்க்கம். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டுதான். ஆனால் ஏரணமே இல்லாத இடத்தில் ஏரணத்தை ஏன் இழுக்க வேண்டும்?

சொல்லாவது பரவாயில்லை, திருத்திவிடலாம். ‘ஆசைக்கு இணங்க மறுத்ததால் ஆத்திரமடைந்த வாலிபர்’ என்று அவன் கற்பித்த நியாயத்தை மேற்கோள் குறிகூட இல்லாமல், தன் கூற்றாகவே எழுதும் செய்தியாளரை என்ன செய்வது?