நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் வெயில் நுழைவது எப்படி?

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், பாய்ன் ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது நியூகிரேஞ்ச். வெளியே பார்த்தால் சுமார் 85 மீட்டர் விட்டமுள்ள ஒரு குன்று. உள்ளே 19 மீட்டர் நீளத்துக்குக் கல் நடைவழி, அதன் முடிவில் சிலுவை வடிவ அறை. பொ.ஆ.மு. 3200 வாக்கில் புதிய கற்கால உழவர்கள் எழுப்பிய கல்லறை இது. அவர்களிடம் உலோகக் கருவி எதுவும் கிடையாது.

1962இல் இங்கே அகழாய்வு தொடங்கிய தொல்லியலாளர் மைக்கேல் ஓகெல்லியிடம், ஆண்டில் ஒரு நாள் கல்லறைக்குள் சூரியன் வரும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கோடைச் சூரிய உதயத்தைப் பார்த்து அமைந்த இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் வாசல் தென்கிழக்கைப் பார்த்திருந்தது. கோடைச் சூரியன் அந்தத் திசையில் உதிக்காது. குளிர்காலச் சூரியன் உதிக்கும். சரி, பார்த்துவிடலாம் என்று, பகல் மிகக் குறுகும் நாளையொட்டி, 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளே போய்க் காத்திருந்தார். வெயில் வந்தது.

வந்தது வாசல் வழியாக அல்ல. நடைவழியின் தரை உள்ளே போகப்போக ஏறி, அறையில் வாசலைவிட ஏறக்குறைய 2 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. வாசலில் நுழையும் ஒளி பாதி வழியில் தரையில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் வாசலுக்கு மேலே கற்பலகைகளால் தனியாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். அதன் அடிப்பகுதியும் அறைத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அடிவானத்திலிருந்து தாழ்வாக வரும் கதிர் அந்தத் திறப்பில் நுழைந்து நேரே அறையைத் தொடும். சுமார் 17 நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். திறப்பை அடைத்திருந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லைப் பலமுறை இழுத்துத் தள்ளிய கீறல்களும் கிடைத்தன. ஆக, வாசலைப் பெரிய கல்லால் மூடிய பிறகும் வெயிலுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள்!

இப்போது ஒளி உள்ளே வருவது சூரியன் உதித்து நான்கு நிமிடம் கழித்து. கட்டியவர்கள் தப்புக் கணக்குப் போடவில்லை, பூமிதான் மாறியிருக்கிறது. அன்று சுமார் 24 பாகையாக இருந்த அதன் அச்சுச் சாய்வு இன்று 23.4. அதனால் குளிர்காலச் சூரியன் உதிக்கும் இடம் சற்றே வடக்கே நகர்ந்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, கூரை ஒழுகாததுதான். கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே பிதுக்கி, 6 மீட்டர் உயரத்தில் ஒரே பலகையால் மூடியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை கிடையாது. கூரைக்கற்களின் மேற்புறம் மழைநீர் வடியக் காடி வெட்டி, இடுக்குகளில் கடல் மணலையும் எரிந்த மண்ணையும் அடைத்திருக்கிறார்கள். அந்த எரிந்த மண்ணின் கார்பனை அளந்துதான் கல்லறையின் வயதையும் கண்டுபிடித்தார்கள்.

1699இலேயே வாசல் திறந்துவிட்டதால் உள்ளே மிஞ்சியது கொஞ்சம்தான்: ஐந்து பேரின் எரிந்ததும் எரியாததுமான எலும்புகள், எலும்பு ஊசிகள், மணிகள், பதக்கங்கள், மெருகேற்றிய கல் உருண்டைகள். 2020இல் அந்த எலும்புகளில் ஒன்றின் மரபணுவை ஆராய்ந்தபோது, அந்த ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்று தெரிந்தது. இப்படிப்பட்ட உறவை ஏற்றுக்கொண்ட அரச வம்சம் ஒன்று இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொல்லியலாளர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒருவரின் எலும்புத் துண்டை வைத்து ஒரு வம்சத்தையே எழுப்புவது எனக்கும் கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது.