விரலை எடுத்தும் பியானோ ஒலிக்கிறதா? ஃபெல்ட்டைப் பிய்க்காதீர்கள், முதலில் பாருங்கள்

சுதி சேர்க்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் சுதி பிரச்சினையே இல்லை. கட்டையை விட்ட பிறகும் சத்தம் நிற்காமல் அடுத்த சுரத்தோடு கலந்து குழம்புகிறது, அவ்வளவுதான். அது டாம்பர் கோளாறு. கட்டையை விட்டதும் கம்பிமேல் படிந்து ஒலியை நிறுத்தும், ஃெபல்ட் (அழுத்திய கம்பளித் துணி) ஒட்டிய சிறு உறுப்புதான் டாம்பர். வலது கோடியில் ஏறக்குறைய 20 கட்டைகளுக்கு மட்டும் டாம்பரே கிடையாது. அங்கே கம்பி குட்டை, ஒலி தானே அடங்கிவிடும், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

கிராண்ட் பியானோவில் டாம்பர் தன் எடையிலேயே கம்பிமேல் உட்காரும். அப்ரைட்டில் கம்பி நெட்டுக்குத்தாக இருப்பதால் ஒரு சின்ன ஸ்பிரிங்தான் அதை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் எல்லாப் பழியையும் ஃபெல்ட்மேல் போடக்கூடாது.

பெடலைத் தொடாமல் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விடுங்கள். ஒலி நிற்காத இடத்தில் அந்த டாம்பரை விரலால் கம்பிப் பக்கம் லேசாக அழுத்துங்கள். உடனே நின்றால் அப்ரைட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஈரப்பதத்தில் டாம்பர் அசையும் அச்சு இறுகியிருக்கும். அழுத்தியும் நிற்கவில்லையா? அந்தச் சுரத்துக்கு ஒன்றுக்கு மேல் கம்பிகள் இருந்தால் அவற்றைத் தனித்தனியாக நகத்தால் சுண்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் ஒலித்தால் டாம்பர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, டாம்பரைத் தாங்கும் கம்பியை (ஒலிக்கும் கம்பியை அல்ல) சற்று வளைத்தாலே போதும். எல்லாச் சுரங்களும் சேர்ந்து இழுத்தால் வலது பெடலைப் பாருங்கள், அதில் கொஞ்சமாவது தொய்வு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எல்லா டாம்பரையும் தூக்கியே வைத்திருக்கும்.

ஃபெல்ட் நிஜமாகவே போயிருந்தால் பார்த்தாலே தெரியும்: கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், கம்பியில் படும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு உரசல் கேட்கும். ஊசியால் குத்தி மிருதுவாக்கலாம், ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான்.

மாற்றுவதானால் தயவுசெய்து கைவினைப் பொருள் ஃபெல்ட்டை ஒட்டாதீர்கள். டாம்பருக்கென்றே வரும் மென்மையான கம்பளி ஃபெல்ட் வேண்டும், அதிலும் அடிஸ்தாயியில் கம்பிகளுக்கு நடுவே இறங்கும் ஆப்பு வடிவம், மேலே போகப்போகத் தட்டை. கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கிவிடும், கூரான பிளேடால் வெட்டுங்கள். அச்சு இறுகினால் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது, அது ஃபெல்ட்டில் ஊறினால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஒட்டியதும் பசை இறுகுவதற்குள் ஃபெல்ட் கம்பிகளுக்கு நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் பெடலை மெதுவாக மிதித்தபடி பக்கவாட்டிலிருந்து பாருங்கள், எல்லா டாம்பரும் ஒரே நேரத்தில் கம்பியை விட்டு விலக வேண்டும், முந்துவதையும் பிந்துவதையும் அப்போதே திருத்திவிடுங்கள்.